சிப்பித்துறைப் பாதையில் மூன்று முட்டைகள்

கண்டக்டர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணாச்சி. “உமக்கு ஒண்ணு, உம்ம குருவிக்கு ஒண்ணா வே” என்று டிக்கெட் கிழிக்கும்போது கேட்டாரே, அது எனக்குப் பழகிவிட்டது. சில நாள் நானும் சிரித்துவிடுவேன். ஆனால் போகிறபோக்கில் உங்கள் பக்கம் திரும்பி, “சிப்பித்துறைப் பொம்பளையள்லாம் சேந்து ஏமாத்துன ஆளு இவருதான்” என்று சொன்னார் பாருங்கள், அதை மட்டும் விட முடியவில்லை. தூத்துக்குடி போய்ச் சேர எப்படியும் நேரமாகும். உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்றால் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று.

என் பெயர் கற்குவேல். விளாத்திகுளத்துக்குப் பக்கம் ஊர். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வீட்டில் முதல் டிகிரி நான்தான். பி.எஸ்சி. விலங்கியல். முதல் வகுப்பு என்று சொல்ல ஆசைதான், ஆனால் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அதனால் இரண்டாம் வகுப்பு என்றே சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னைக் குருவி வாட்ச்மேன் என்கிறார்கள், அப்படி ஒரு பதவி கிடையாது. கடலோரப் பறவைத் திட்டத்தில் களப் பணி உதவியாளர். ஒப்பந்த வேலை. பங்குனியில் ஆரம்பித்து ஆடியில் முடியும். ஒழுங்காகச் செய்தால் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். ஒழுங்காகச் செய்யவில்லை என்றால் நானும் தீப்பெட்டி ஆபீஸ்தான். அந்த பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

உப்புக்கொத்தி என்று ஒரு பறவை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். மணலில் குடுகுடுவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கூடு கட்டத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூடாது, கட்டுவதில்லை. வயிற்றால் மணலில் ஒரு சின்னக் குழி பறிக்கும், நாலு சிப்பித் துண்டைப் பொறுக்கிப் போடும், முட்டை வைக்கும். முட்டையும் மணல் நிறம். பக்கத்தில் நின்றாலும் தெரியாது. மிதித்த பிறகுதான் தெரியும்.

சிப்பித்துறையில் அது முட்டை வைத்தது பாதையின் ஓரத்தில். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு பூவரச மரம். அங்கிருந்து உடைமரங்களுக்கு நடுவே இறங்கி, சிப்பி கொட்டிக் கிடக்கிற வெட்டவெளியைக் கடந்து, வள்ளம் கரையேறுகிற இடத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. ஊர் உண்டான காலத்திலிருந்து அதில்தான் நடக்கிறார்கள். யாரும் பட்டா வாங்கிய பாதை இல்லை, ஆனால் எல்லாருக்கும் சொந்தம். ஐஸ் கம்பெனியைச் சுற்றி இன்னொரு வழி உண்டு. அது நீளம். மீன் வாங்கி விற்கிற பெண்கள் அதில் சுற்றிப் போனால், போய்ச் சேரும்போது கரையில் மீன் இருக்காது, மீன் வாடைதான் இருக்கும்.

ஏன் என்று கேட்டால் அங்கே ஏலம் அப்படி. வள்ளத்து மீனை மணலில் குவிப்பார்கள். எந்தப் பெண் முதலில் ஓடிவந்து தன் தலைச் சும்மாட்டைக் குவியலின் மேல் போடுகிறாளோ, அவளுக்குத்தான் முதல் விலை கேட்கிற உரிமை. அதற்கு மேல் மற்றவர்கள் ஏற்றிக் கேட்கலாம். பிந்தி வருகிறவளுக்கு ஆத்திரம் வரும் இல்லையா, ஆத்திரத்தில் ஏற்றுவாள். ஏலம் விடுகிறவர் செலஸ்டின். மீன் எவ்வளவுக்கு எவ்வளவு விலை போகிறதோ அவருக்கு அவ்வளவுக்கு அவ்வளவு கமிஷன். “விண்ணரசி சும்மாடு போட்டுட்டா. மரியபுஷ்பம் வெறுங்கூடையோடயா வீட்டுக்குப் போவா?” என்று வெற்றிலை வாயோடு ஒரு வார்த்தை போடுவார். அவ்வளவுதான், விலை ஏறும். மேலும் அது தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, வள்ளம் மட்டும்தான். மீன் குறைவு. அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தப் பெண்கள் கூடையோடு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, அந்தப் பாதையில், என் பறவையின் மேல் ஓடினார்கள்.

மேல் என்றால் மேல் இல்லை. ஓரமாக.

நான் விதிப்படி கயிறு கட்டினேன். பலகை வைத்தேன். ‘பறவைகள் முட்டையிடும் பகுதி. உள்ளே செல்லாதீர்.’ மறுநாள் கயிறு இல்லை. தேடிப் போனால் ஒரு வள்ளத்தில் நங்கூரம் கட்டியிருக்கிறார்கள். வள்ளக்காரர் ஒளிக்கவும் இல்லை. “நல்ல நைலான் தம்பி, இன்னும் கிடைக்குமா?” என்று கேட்டார். பலகையை ஒரு வீட்டு வாசலில் கருவாட்டுத் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். எழுத்து மேலே தெரியும்படிதான் போட்டிருந்தார்கள், குறை சொல்லக் கூடாது. பூனைக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நானே பாதையில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அமலோற்பவம் அக்காவைப் பார்த்தேன். நல்ல உயரம். எல்லாருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தவர் என் முன்னால் நின்றார்.

“யாருப்பா நீ?”

“களப் பணி உதவியாளர்.”

“எந்தக் களத்துக்கு?”

நான் பறவையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பின்னால் வந்த இரண்டு பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடியதைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது.

“எனக்கு வீட்டுல அஞ்சு உருப்படி கிடக்கு. உன் குருவிக்கு எத்தனை?”

“இரண்டு முட்டை, அக்கா.”

“அப்ப வழி எனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு என் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டார். கணக்கு சரியாகத்தானே இருந்தது.

ஆனால் அன்று தூரத்தில் உட்கார்ந்து பறவையையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது. ஆள் நடந்து போவது பெரிய பிரச்சினை இல்லை. ஆள் ஒவ்வொருவராக நடந்து போவதுதான் பிரச்சினை. ஒருத்தர் வருகிறார், பறவை முட்டையை விட்டு எழுந்து ஓடுகிறது. இறக்கை ஒடிந்தது மாதிரி தரையில் இழுத்து இழுத்து நடிக்கும், எதிரியைத் தன் பின்னால் கூட்டிக்கொண்டு போக. அவர் போனதும் திரும்பி வருகிறது. உட்காரப் போகும்போது அடுத்தவர் வருகிறார். மறுபடி எழுந்து நடிக்கிறது. காலை முழுக்க இதே. முட்டை அந்த வெயிலில் கிடந்து வேகிறது. மரியபுஷ்பம் பெரியம்மா வேறு, நடிப்பை உண்மை என்று நம்பி, “பாவம், செறகு போச்சே, மஞ்சப் பத்துப் போட்டா கூடிரும்” என்று பறவையைப் பிடிக்க முந்தானையை விரித்துக்கொண்டு ஒரு நாள் கடல் வரைக்கும் துரத்தினார்.

எல்லாரும் சேர்ந்து ஒரே தடவையாகப் போனால்? பறவை ஒரு தடவைதான் எழும். ஒரு தடவைதான் நடிக்கும். பிறகு நிம்மதியாக உட்காரும். பாதையையும் அடைக்க வேண்டாம். இது முழுக்க என் சொந்த யோசனை அண்ணாச்சி, எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. இருந்தாலும் இருக்கலாம், நான் படித்த புத்தகங்கள் குறைவு.

பூவரச மரத்தடியில் அவர்களை நிறுத்தி, இதைச் சொன்னேன். ஒரே சத்தம்.

“சேந்து போனா யாரு சும்மாடு போடுதது?”

“இவன் செலஸ்டினு ஆளு. நம்மள நிறுத்திப்போட்டு கம்பெனி வியாபாரிக்கு மீனக் குடுக்கப் பாக்கான்.”

“ஏட்டி, அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு. இவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருக்கா?” என்று விண்ணரசி அக்கா எனக்காகப் பேசினார்.

அமலோற்பவம் அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. மரத்தில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“எல்லாரும் ஒண்ணாத்தான் போகணுமா?”

“ஆமாம் அக்கா.”

“ஒருத்தியும் முந்தப்படாது?”

“முந்தக் கூடாது.”

“முந்துனா கேஸ் போடுவியா?”

“எனக்கு அந்த அதிகாரம் இல்லை அக்கா.”

“போடுவேன்னு சொல்லு.”

“இல்லாத அதிகாரத்தை எப்படி அக்கா சொல்வது?”

தலையில் அடித்துக்கொண்டார். “சரி, இருக்கத மட்டும் சொல்லு. உன்னால என்ன செய்ய முடியும்?”

“மேலிடத்துக்கு எழுத முடியும்.”

அக்கா மற்றவர்கள் பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டியளா? முந்துனா மேலிடத்துக்கு எழுதிருவானாம்” என்றார். அவர் குரலில் சொன்னபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அதில் பொய் இல்லை. வாரா வாரம் நான் மேலிடத்துக்கு எழுதத்தானே வேண்டும்.

பிறகு, “தம்பி, நீ போயி குருவி உக்காந்திருக்கான்னு பாத்துட்டு வா. மெல்லப் போ, அவசரம் இல்ல” என்றார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வரும்போது எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அமைதி என்றால் பூசை நடக்கிற கோயில் மாதிரி அமைதி. ஒரே வரிசையில் எழுந்து, ஒரே வரிசையில் நடந்து, பறவையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரைக்குப் போனார்கள். பறவை ஒரே ஒரு தடவை எழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் நான் கூப்பிடவே இல்லை. அவர்களாகவே சீக்கிரம் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் இன்னும் சீக்கிரம். நான் விழிப்புணர்வு உரை ஆற்றுவேன். கொஞ்சம் கேட்பார்கள். பிறகு அக்கா, “போதும் தம்பி, தொண்ட வறண்டுரும். நீ குருவியப் போயிப் பாரு” என்பார். ஒவ்வொரு நாளும் தவறாமல் குருவியைப் பற்றி விசாரிக்கிற மக்களை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

ஒரு நாள் நான் சீக்கிரம் திரும்பிவிட்டேன். “நெத்திலி விண்ணரசிக்கு, சாளை எனக்கு, மரியபுஷ்பத்துக்கு நாளைக்கு. ஒருத்தியும் மேல ஏத்தப்படாது” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். என்ன அக்கா பேசுகிறீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

“குருவிக்குப் பேரு வைக்கோம்” என்றார் அக்கா. “பொட்டைக்கு நெத்திலி, ஆணுக்கு சாளை.”

விண்ணரசி அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. கடற்கரைக் காற்று சில பேருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ‘உள்ளூர்ப் பெண்கள் பறவைகளுக்குத் தங்கள் பகுதி மீன்களின் பெயரைச் சூட்டியுள்ளனர்’ என்று அந்த வாரம் எழுதினேன். மேலிடத்தில் எல்லாரும் ரசித்துப் படித்ததாகக் கேள்வி.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆண்கள் எதிர்க்க ஆரம்பித்தார்கள். நான் யாரையும் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆனால் இயற்கையின் மேல் அன்பு பெண்களுக்கு இருக்கிற அளவுக்கு ஆண்களுக்கு இல்லை என்பதை நான் அங்கே நேரில் பார்த்தேன்.

முதலில் செலஸ்டின் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். உட்கார வைத்தார்.

“தம்பி, உன் குருவி எவ்வளவு நாளைக்கு முட்டை மேல உக்காரும்?”

“மூன்று, மூன்றரை வாரம் அண்ணாச்சி.”

“அடேயப்பா. கோழி மாதிரி சட்டுபுட்டுன்னு முடிக்காதா?”

“கோழிக்கும் மூன்று வாரம்தான்.”

கொஞ்ச நேரம் டீயைக் குடித்தார். பிறகு பறவைக்காகவே பேசுகிற மாதிரி குரலை மாற்றிக்கொண்டார். “எனக்கும் குருவி மேல பிரியம்தான். அதான் சொல்லுதேன். இந்தப் பொம்பளையள் கும்பலாப் போறத பாத்தா குருவி பயந்துரும்லா? ஒவ்வொருத்தியா விடு. முந்துறவ முந்தட்டும். அதுதான் குருவிக்கும் அமைதி.”

நான் அறிவியல்படி விளக்கினேன். தடவை என்பதுதான் முக்கியம், தலை எண்ணிக்கை இல்லை என்று. அவர் காதில் வாங்கவில்லை. முட்டையை அவருடைய மொட்டை மாடிக்கு மாற்றலாம், மணல் அவரே கொட்டித் தருவார் என்றார். சட்டப்படி முடியாது என்றேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

“அவளுவ உன்னை வச்சு என் கழுத்தை அறுக்காளுவ. அது உனக்குத் தெரியல. உன் குருவிக்காவது தெரியுமா?”

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? அந்தப் பெண்கள் ஒரு பூச்சியைக்கூட மிதிக்காமல் வரிசையில் போகிறார்கள். இவர் கழுத்து, அறுப்பு என்கிறார்.

அடுத்து கஸ்பார் மாமா. அமலோற்பவம் அக்காவின் வீட்டுக்காரர். ஒரு வள்ளத்தில் பங்குக்குப் போகிறவர். மீன் விலை இறங்கிவிட்டதால் பங்கு குறைந்துவிட்டது என்றார். விலை ஏன் இறங்கியது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் விலங்கியல், பொருளாதாரம் இல்லை. “முந்தி நான் குடுத்து அவ வாங்குவா. இப்ப பீடிக்கு அவகிட்ட கை நீட்டணும் தம்பி. அவ என்ன சொல்லுதா தெரியுமா? குருவி பொரிச்ச பொறவு குடுக்கேன்னு சொல்லுதா” என்றார். குடும்ப விஷயம் என்று நான் தலையிடவில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்த நாள்களில் அக்காவின் கூடை காலியாகத் திரும்பியதே இல்லை. முன்பெல்லாம் வாங்கிய விலைக்கு விற்க முடியாமல் சாயங்காலம் கருவாட்டுக்கு உப்பிடுவார்களாம். இப்போது யாரும் அதிகமாக உப்பிடவில்லை. என் பலகையைக்கூட அந்தத் தொட்டிக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு முட்டை பொரித்தது.

இரண்டு குஞ்சு. பஞ்சுக்குக் கால் முளைத்த மாதிரி. பெண்களைக் கூட்டிக்கொண்டுபோய் தூரத்திலிருந்து காட்டினேன். மரியபுஷ்பம் பெரியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அக்காகூட ஏலத்துக்கு நேரமாகிறது என்பதை மறந்து நின்றார், அதை நான் பார்த்தேன். மறுநாள் குஞ்சுகள் தாயோடு ஓடைப் பக்கம் போய்விட்டன. இந்தப் பறவைகள் அப்படித்தான், பிறந்த வீட்டில் தங்காது.

விதிப்படி நான் மரத்தடியில் அறிவித்தேன். கூடு காலி, இனி யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பாதையில் போகலாம் என்று. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. அப்போதுதான் தெரிந்தது, எவ்வளவு பாசம் வைத்துவிட்டார்கள் என்று.

“அது திரும்ப வைக்காதா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“சில சமயம் இரண்டாவது தடவை வைப்பது உண்டு அக்கா. உறுதியாகச் சொல்ல முடியாது.”

“உண்டுல்லா?”

“உண்டு.”

“அதே இடத்துலயா?”

“பக்கத்தில் வைக்கலாம்.”

மறுநாள் பழையபடி ஓட்டம். செலஸ்டின் சத்தம் பூவரச மரம் வரை கேட்டது. விண்ணரசி அக்காவும் மரியபுஷ்பம் பெரியம்மாவும் ஒரே குவியலில் சும்மாட்டை வைத்துக்கொண்டு முடியைப் பிடித்துச் சண்டை. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே அதிசயம் நடந்தது. விண்ணரசி அக்கா ஓடிவந்து, குருவி மறுபடியும் முட்டை வைத்துவிட்டது என்றார். போய்ப் பார்த்தால், உண்மை. அதே குழி. பக்கத்தில்கூட இல்லை, அதே குழி. இந்தத் தடவை மூன்று. முதல் தடவையைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை. பழுப்புப் புள்ளியும் பெரிதாக, பளபளவென்று. சுற்றிலும் சிப்பிகளை வட்டமாக அடுக்கியிருந்தது. முதல் தடவை அனுபவம் இல்லாமல் ஏனோதானோ என்று போட்ட பறவை, இரண்டாவது தடவை எவ்வளவு தேர்ச்சி பெற்றுவிட்டது பாருங்கள்.

முட்டையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து எனக்கு முட்டை சேராது, உடம்பெல்லாம் தடித்துவிடும். எங்கள் வீட்டில் வாங்கவே மாட்டார்கள்.

முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. கஸ்பார் மாமாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. அதற்கு நல்லது என்று அக்கா டவுனிலிருந்து காடை முட்டை ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். டீக்கடையில் மாமா ஒரே புலம்பல், பெட்டியில் மூன்று முட்டை குறைகிறது என்று. பிளாஸ்டிக் பெட்டியில் டேப் ஒட்டியபடியே இருக்கிறது, எப்படி எடுத்தான் கடைக்காரன் என்று. நான் அவரைச் சமாதானப்படுத்தினேன். டவுன் கடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள், நாம்தான் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் பழையபடி மரத்தடியில் கூட ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரே ஒரு கவலை. தாய்ப் பறவையைக் காணவில்லை. எப்போது போய்ப் பார்த்தாலும் முட்டை மட்டும் இருக்கிறது. அக்காவிடம் சொன்னேன்.

“நீ போறப்பல்லாம் அது எந்திரிச்சுப் போயிருது தம்பி. நாங்க பாக்கையில இருக்கே. உன்னைக் கண்டா அதுக்குக் கூச்சம்.”

“போன தடவை கூச்சப்படவில்லையே அக்கா?”

“போன தடவை அது தலைச்சன்.”

எனக்கு அதில் முழு திருப்தி இல்லை. ஆனாலும் என்னால் பறவைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். அறிக்கையில் உள்ளது உள்ளபடி எழுதினேன். முட்டை மூன்று. தாய்ப் பறவையை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் எழுதமாட்டேன் அண்ணாச்சி.

இதற்குள் செலஸ்டினும் வள்ளக்காரர்களும் மேலிடத்துக்கு மனு போட்டுவிட்டார்கள். பாதையில் எல்லாருக்கும் தடையில்லாமல் நடக்க உரிமை வேண்டும் என்று. ஒரு வார்த்தைகூடத் தவறு சொல்ல முடியாத மனு. விசாரிக்க நளினி மேடமே வந்தார். எங்கள் திட்டத்துக்கு அவர்தான் மேலதிகாரி. என் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர். ஜீப் வருவதைப் பார்த்ததும் அறிக்கை நோட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன்.

மரத்தடியில் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மேடம் ஆச்சரியப்பட்டுப்போனார். “இருபது வருஷ சர்வீஸ்ல பாதையைத் திறக்கச் சொல்லி மனு பாத்திருக்கேன். கட்டுப்பாடு வேணும்னு ஊர்க்காரங்களே கேட்டு இப்பத்தான் பாக்கேன்” என்றார்.

“குருவி பாவம்லா மேடம்” என்றார் அக்கா.

“குருவி பாவமா? நான் பாவம் மேடம்” என்றார் செலஸ்டின்.

மேடம் முட்டையைப் பார்க்க வேண்டும் என்றார். நான் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவும் கூடவே வந்தார். மேடம் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துப் போட்டுக்கொண்டார். முட்டையைப் பார்த்தார். அடுக்கியிருந்த சிப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கற்குவேல், இது என்ன முட்டை?”

“உப்புக்கொத்தி மேடம். இரண்டாவது ஈடு.”

“நிச்சயமா?”

“வேறு பறவை இங்கே முட்டை வைத்து நான் பார்க்கவில்லை மேடம். இந்தப் பறவை வைத்ததையும் நான் பார்க்கவில்லை. எழுதியிருக்கிறேன்.”

“படிச்சேன்.” பிறகு அக்காவிடம் திரும்பினார். “இது யாரு வச்சது?”

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு, “வைக்கிறதுதான் வைக்கும்” என்றார்.

“ராத்திரியிலயா, பகல்லயா?”

“விடியுமுன்ன, வெள்ளன.”

மேடம் எழுந்து முதுகைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தோள் குலுங்கியது. இவ்வளவு படித்து, இவ்வளவு பார்த்த ஒருவர், ஒரு சின்னப் பறவையின் கூட்டைப் பார்த்து இப்படி உணர்ச்சிவசப்படுகிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு அவர் தனியாக அந்த வெட்டவெளியில் நடந்தார். நான் எட்ட நின்றேன். ரொம்ப நேரம் கழித்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். பாதையிலிருந்து தள்ளி, சிப்பிகளுக்கு நடுவே ஒரு குழி. இரண்டு முட்டை. அதற்கு அப்பால் இன்னொரு குழி. மேலே ஆலா என்கிற கடற்பறவைகள் கத்திக்கொண்டு எங்கள் தலையை நோக்கிப் பாய்ந்தன. உப்புக்கொத்தி மட்டும் இல்லை, ஆலாவும் முட்டை வைத்திருக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்து, இடம் அமைதியானதால் வந்திருக்கின்றன. கூச்சப்படுகிற பறவைக்காக நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டதால் எனக்குத் தெரியவில்லை. மேடம் கோபப்படவில்லை. “இதெல்லாம் நிஜம்” என்றார். நான் ஆமாம் என்றேன்.

மரத்தடிக்கு வந்து தீர்ப்புச் சொன்னார். பாதையை அடைக்க முடியாது, அது ஊரின் பாதை. ஆனால் பறவை முட்டை வைக்கிற காலம் முடியும் வரை காலையில் எல்லாரும் சேர்ந்து ஒரே தடவையாகத்தான் கடக்க வேண்டும். தனியாகப் போகிறவர்கள் ஐஸ் கம்பெனி வழியாகப் போகலாம். சேர்ந்து போவது பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண்களும் வேண்டுமானால் மரத்தடியில் வந்து உட்காரலாம்.

“நான் அங்கன உக்காந்து என்ன மேடம் செய்ய?” என்று செலஸ்டின் கேட்டார்.

“குருவிக்குப் பேரு வைங்க” என்றார் மேடம். அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்.

அந்த மூன்று முட்டையை மட்டும் மேடமே கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு போனார். ஆய்வுக்கு. நான் ஒரு வாரம் கழித்து போனில் முடிவு என்னவென்று கேட்டேன். “அது எந்தக் காலத்துலயும் பொரிக்காத முட்டை கற்குவேல்” என்றார். எனக்கு வருத்தமாகிவிட்டது. கூச்ச சுபாவம் உள்ள தாய், சரியாக அடைகாக்காமல் விட்டிருக்கும். அக்காவிடம் சொன்னபோது அவரும் தலையைக் குனிந்துகொண்டார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

மேடம் என் ஒப்பந்தத்தைப் பற்றியும் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அடுத்த பங்குனியில் சிப்பித்துறையில் பறவை முட்டை வைத்தால் என்னை அங்கே அனுப்புவார்கள். வைக்கவில்லை என்றால் அங்கே ஆள் தேவையில்லை, சேர்ந்து போகிற விதியும் கிடையாது. வேறு கடற்கரையில் இடம் இருந்தால் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. இன்றைக்குக் கிளம்பும்போது மரத்தடிக்குப் போய் அதை மறைக்காமல் சொன்னேன். நம்பிக்கை கொடுத்து ஏமாற்றக் கூடாது இல்லையா. வருமா, வராதா என்பது பறவையின் கையில்தான் இருக்கிறது, நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விண்ணரசி அக்காவுக்கு மறுபடியும் இருமல். அமலோற்பவம் அக்கா எழுந்துவந்து என் பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டார்.

“நீ வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டு நிம்மதியாத் தூங்கு தம்பி. முட்டை வைக்கது எங்க பொறுப்பு.”

பொறுப்பு என்கிற வார்த்தையை அவராகவே சொன்னார் அண்ணாச்சி. என் உரையில் நான் ஒரு நாளும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.